வளையல் போட்ட படகு

என் நாலு வளையலையும் அடகு வைத்து, இரண்டு இஞ்சின் பூட்டிய பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினோம். இஞ்சின் மாட்டும் பின்பலகையை மாமனார் தட்டிப் பார்த்து, "மொத்துன்னு கேக்குது, உள்ளே மரம் உளுத்துப்போச்சு" என்றார். விலையைக் குறைத்து வாங்கி, முதலில் அதை மாற்றினோம்.

"ஒரு இஞ்சின் நின்னாலும் மற்றது கரை சேர்க்கும்" என்று இவருக்குத் தெம்பு. எனக்கோ அடுப்படி ஞாபகம். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் ஸ்டவ் அணைந்துவிடுமே! இந்த இஞ்சின்களும் மண்ணெண்ணெயில் ஓடுபவைதான். "ரெண்டுக்கும் ஒரே டாங்கின்னா, ரெண்டும் ஒண்ணா நின்னுடுமேங்க!" என்றேன். மறுநாளே தனித்தனி டாங்கியும் வடிகட்டியும் வந்தன.

வலைக்கு வைத்திருந்த பணத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வாங்க வைத்தேன். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த குமரிக் கரைக்காரி ஆயிற்றே!

கை வெறுங்கைதான், சகோதரிகளே. ஆனால் இவர் கடலில் இருக்கும் ராத்திரிகளில் கொஞ்சமாவது கண்ணயர முடிகிறது.