கடல் அட்டை கற்பிக்கும் பாடம்

வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. அங்குப் பயில்வோர்க்குக் கழிமுகச் சேறும் ஒரு பாடநூலே. விலங்கினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை முதுகெலும்பற்றவை என்று ஏட்டில் படிப்பது வேறு. கைப்பிடிச் சேற்றைச் சலித்து, அதில் நெளியும் புழுக்களையும் சிறு சிப்பிகளையும் இனம் பிரித்தறிவது வேறு.

இக்கல்வியின் தேவையை மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை உணர்த்தும். மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருள்களை உண்டு, எஞ்சிய மணலை வெளியேற்றிக் கடலடியைத் தூய்மை செய்யும் உயிர் அது. பகை நெருங்கினால் சில இனங்கள் தம் குடலையே உமிழ்ந்து தப்பும். இழந்ததை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். ஆயினும் மனிதரின் பெருவேட்டைக்கு அவற்றால் ஈடுகொடுக்க இயலவில்லை. 2001இல் அவற்றைப் பிடிக்க இந்திய அரசு தடை விதித்தது. உயிரினம் காப்புப் பெற்றது. அதை நம்பி மூழ்கிய மீனவர் தொழிலிழந்தனர்.

இரண்டையும் காக்கும் வழி எது? 1988இலேயே தூத்துக்குடியில் அறிவியலாளர்கள் கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டினர். ஓர் உயிர் எப்போது முட்டையிடும், எதை உண்டு வளரும் என்று பொறுமையாகக் கற்றதன் விளைவே அது. சேற்றில் நின்று பயிலும் மாணவர் தேடுவதும் அத்தகைய அறிவையே.