பாலாடை

கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தபோது அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. அடியில், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை. 1994 நவம்பரில் தில்லியில் பிறந்த என் மகளின் குழந்தைத் துணிகள். இப்போது அவளுக்கே பெண் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. கைக்குழந்தையின் உடம்புக்குப் புதுத் துணியைவிடப் பழந்துணிதான் சுகம் என்பதில் தஞ்சாவூருக்கும் பஞ்சாபுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தத் தைரியத்தில் மூட்டையைப் பிரித்தேன்.

வெள்ளை வெளேரென்று துவைத்து மடித்து வைத்ததாகத்தான் நினைவு. வெளியே வந்தவற்றில் கழுத்துப் பட்டியைச் சுற்றி, மார்பில், தோள் மடிப்பில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் திட்டுகள். சில இடங்களில் பழுப்பே ஏறியிருந்தது. யாரோ பெட்டிக்குள் தேநீரைச் சிந்திவிட்டது போல.

யாரும் சிந்தவில்லை. எல்லாம் பால்தான். பாலில் புரதமும் உண்டு, கொழுப்பும் உண்டு. அரைகுறையாகத் துவைத்தால் கொழுப்பில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் இழைக்குள் தங்கிவிடும். காற்றுப் பட்டுப் பட்டு அது மெல்ல மஞ்சளாகும். திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே சங்கதிதான். அதனால்தான் மடித்து வைக்கும்போது தெரியாத பால் கறை, பெட்டியைத் திறக்கும்போது தெரிகிறது.

தப்பு என்னுடையது. அப்போது எங்களுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு, முதல் மாடி. ஜனவரி மாதத் தில்லியில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். வாளித் தண்ணீரில் ராடைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்து, குழந்தைத் துணிகளை அதில் முக்குவேன். கிருமியும் சாகும், கறையும் போகும் என்று எண்ணம். பாலைச் சுடவைத்தால் என்ன ஆகும் என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும், ஆடை கட்டும். நான் துணிக்குள்ளேயே ஆடை கட்டவைத்தேன். சூட்டில் புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் சோப்பு அதனிடம் கெஞ்ச வேண்டியதுதான். மூடுபனியில் மூன்று நாளானாலும் துணி காயாது. அரை ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவேன். மிச்சமிருந்த கறையும் அதோடு குடியுரிமை பெற்றுவிடும்.

அந்தக் காலத்தில் மத்திய அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள். 1997இல் அது 135 நாளாயிற்று. 2008இல் 180 நாள். இரண்டுமே எனக்கு உதவாத நல்ல செய்திகள். 1995 பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினேன். கீழ்வீட்டில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் பீஜி. காலை எட்டரைக்குக் குழந்தையை அவரிடம் ஒப்படைப்பேன். கூடவே ஒரு பை. அதில் மாற்றுத் துணி, பால் பவுடர் டப்பா, என் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை. பீஜிக்குப் பாலாடை புதுசு. அதன் மூக்கைக் குழந்தையின் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். அவர் சாய்த்ததில் பாதி உள்ளே போகும், பாதி கழுத்து வழியே இறங்கும். "பீ லை, புத்தர், பீ லை" என்று கொஞ்சிக்கொண்டே ஊட்டுவார். பஞ்சாபியில் புத்தர் என்றால் பிள்ளை, பெண் குழந்தையையும் அப்படிக் கொஞ்சுவது உண்டு. இந்த அம்மாள் பால் ஊட்டும்போதெல்லாம் எதற்குப் புத்தரைக் கூப்பிடுகிறாள் என்று என் அம்மா ரொம்ப நாள் குழம்பியிருக்கிறாள்.

1992இல் வந்த சட்டப்படி பால் பவுடர் டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் தினமும் அந்த டப்பாவைப் பையில் வைத்தவள் நான். அந்த வரி எனக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும்.

அலுவலகத்தில் பதினொரு மணி வாக்கில் மார்பு கட்டிக்கொள்ளும். வேறு யாருடைய குழந்தையாவது அழுதாலும் போதும், ரவிக்கை நனைந்துவிடும். நல்லவேளை, குளிர்காலம். சால்வை மறைத்தது. பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் நின்று கைக்குட்டையால் அழுத்துவேன். முடியாத நாளில் கழிவறைக்குப் போய், தொட்டியில் பிழிந்து விட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அதே நேரத்தில் பீஜி வீட்டில் டப்பாப் பால் கலக்கிக்கொண்டிருப்பார்கள். எடுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் பால் தானாகவே குறைந்துபோயிற்று.

இதில் ஒரு வரியைக்கூட நான் மகளிடம் சொன்னதில்லை. "ஒரு வயசு வரைக்கும் என் பால்தான் குடிச்சா" என்று முதலில் உறவினரிடம் சொன்னேன், பிறகு அவளிடமே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அவள் இப்போது குர்கானில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். 2017இல் சட்டம் திருத்தப்பட்டதால் அவளுக்கு 26 வார விடுப்பு. நேரம் இருக்கிறது. ஆனால் பால் போதவில்லை. குழந்தையின் எடை ஏறவில்லை என்று மருத்துவர் கொஞ்ச நாளைக்குப் பவுடர் பாலும் சேர்க்கச் சொன்னார். டப்பாவை வாங்கி வந்த அன்றிரவு சமையலறை விளக்கைப் போடாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதாள். நான் பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள்தான் பெட்டியைத் திறந்தேன்.

மூட்டையிலிருந்து ஒரு ஜப்லாவை அவள் எடுத்தாள். பீஜி தன் கணவரின் பழைய மல்மல் குர்தாவைக் கத்தரித்துக் கையால் தைத்தது. கழுத்தின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

"நீ மட்டும் எப்படிம்மா ஒரு வருஷம் கொடுத்தே?"

அந்த ஜப்லாவை அவள் பகலில், கீழ்வீட்டில் மட்டுமே போட்டிருந்தாள். அந்தக் கறையில் என் பால் ஒரு சொட்டு கிடையாது.

"கொடுக்கலை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கழிவறைத் தொட்டி உட்பட. அவள் ஒன்றும் பேசவில்லை. ஜப்லாவை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அந்துருண்டை வாடைதான் வந்திருக்கும்.

இரண்டு பேருமாகத் துவைத்தோம். இந்த முறை ராடு இல்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கறையின் பின்பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டோம். முன்பக்கம் விட்டால் உள்ளேதான் போகும். பிறகு நொதி சேர்த்த சலவைத் தூள், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு இரவு. புரதத்தையும் கொழுப்பையும் துண்டு துண்டாக நறுக்குகிற நொதிகள் அதில் இருக்கின்றன. பருத்திக்கு அது சரி. கம்பளி ஸ்வெட்டரை மட்டும் தனியே எடுத்து வைத்தேன், ஏனென்றால் கம்பளியே ஒரு புரதம். கறையோடு சேர்த்து அதையும் பதம் பார்த்துவிடும். அதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். பிளீச்சிங் பவுடரை அவள் எடுத்தபோது தடுத்தேன். குளோரின் பட்டால் புரதக் கறை இன்னும் மஞ்சளாகும், இத்தனை வருடப் பழைய நூல் நைந்தும் போகும். ஆக்ஸிஜன் வகை வெளுப்புத் தூள் கொஞ்சம் போட்டோம். குழந்தைத் தோலுக்குத் தூள் ஒட்டக் கூடாதென்று நாலு தண்ணீர் அலசி, ஈரத்தோடு மொட்டை மாடி வெயிலில் விரித்தோம். கறை தெரிந்தால் இஸ்திரி கிடையாது, மறுபடி ஊறவைப்பதுதான்.

மூன்று நாள், மூன்று ஊறல். மற்றவை ஏறக்குறைய வெளுத்துவிட்டன. மல்மல் ஜப்லாவில் மட்டும் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு நின்றது. பீஜி 2009இல் போய்ச் சேர்ந்தார். இன்னொரு தடவை ஊறவைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று வாங்கிக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவளே டப்பாப் பாலைக் கலந்து, வெள்ளிப் பாலாடையில் ஊற்றி, குழந்தையின் கடைவாயில் வைத்துச் சாய்த்தாள். பழக்கமில்லாத கை. பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்து வழியே இறங்கியது, பழைய கோட்டின் மேலேயே.

"பச்சைத் தண்ணி கொண்டு வாம்மா, சீக்கிரம்" என்றாள்.