ஜீப்பைத் தூக்கப் போன கதை

முட்டிவலி பற்றி விசாரித்தவர்களுக்கு: இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இன்னும் வம்பு செய்கிறது.

இன்று ஒரு ஜீப் கதை. டீச்சருக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். என் அப்பா ஆம்பூரில் பெங்களூர் ரோட்டு ஓரம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருந்தார் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுப்பாடம் எழுதியது அங்கேதான்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து, ஹாஸ்டலில் தங்கி, என்னிடம் எட்டாவது படித்த பையன் ஒருவன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் செக்‌ஷன் சூப்பர்வைசர். போன வருஷம் பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஒன்று வாங்கினான். அம்மா வீடு அணைக்கட்டு பக்கத்து மலையில். மழை பெய்தால் மண் பாதை ஓடையாகிவிடும். தங்கைக்கு ஏழாம் மாதம். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைக் காப்பாற்ற முடியாமல், உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்களே, அந்தச் செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கத்துக்காரனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எஸ்டிமேட் தாளோடு வந்தான். "நாலு இன்ச் தூக்கணும் டீச்சர். அடியில தட்டுது." முன்னும் பின்னும் இரும்புக் கட்டை, நீள ஷேக்கிள், பெரிய டயர் என்று ஒரு கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"எதுடா தட்டுது?" என்றேன்.

அதை அவன் பார்க்கவே இல்லை. ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, பாய் போட்டு அடியில் படுக்க வைத்தேன். (நான் படுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.) இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸும் பாடியும்தான் உயரும். அச்சின் நடுவில் குடம் மாதிரித் தொங்குகிற டிஃபரென்ஷியல் ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஒரு அங்குலம் உயரும், அவ்வளவுதான்.

அவன் அடியிலிருந்து கத்தினான்: "டிஃபரென்ஷியல்ல கீறலே இல்ல டீச்சர். சைலன்சர் பைப்பும் கியர்பாக்ஸ் கீழ இருக்கிற கட்டையும்தான் நசுங்கியிருக்கு." சேஸில் இருக்கும் இடிதாங்கி ரப்பர் இரண்டும் கிழிந்திருந்தன. ஆள் ஏறியதும் பட்டை முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு இடித்திருக்கிறது. பள்ளி ஸ்கேலால் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே அளந்தோம். டிரைவர் பக்கம் முக்கால் அங்குலம் கீழே. அந்தப் பக்கம்தான் முதலில் தொய்யும் என்று அப்பா சொல்வார்.

ஆக, ஜீப் தாழ்வானது இல்லை, தளர்ந்தது.

பிறகு எஸ்டிமேட்டை வரிவரியாகப் பார்த்தோம். முன் அச்சில் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கும், கட்டை நழுவினால் ஸ்டியரிங் போச்சு. ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் உயரம் ஒரு அங்குலம்தான் கிடைக்கும். அதோடு முன் அச்சின் சாய்வு மாறி, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலையும். அதைச் சரிசெய்ய பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். நாலு அங்குலம் உயர்த்தினால் பின்பக்கத்துக் குட்டை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து ஜாயிண்ட் தேயும். பிரேக் ஹோஸ் எட்டாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது அறுந்தால் மலை இறக்கத்தில் என்ன ஆகும்? மேலே அரிசி மூட்டையும் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

"அப்ப ஆளுக்கு ஒரு பட்டை கூடுதலா சொருகிடலாமா டீச்சர்?" என்றான். அப்பா லாரிக்காரரிடம் முதலில் கேட்பது "என்ன லோடு ஏத்துவே?" என்பதைத்தான். நானும் கேட்டேன். "தங்கச்சி, அம்மா, நானு" என்றான். கூடுதல் பட்டை உயரம் கொடுக்கும், ஆனால் மூன்று பேருக்கு அது கல்லு மாதிரி. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கல்லில் உட்கார வைத்து இறக்கவா? அதற்கு அவனிடம் பதில் இல்லை. ஏழாம் வகுப்பு சுருள்வில் தராசு ஞாபகமிருக்கிறதா என்றேன். ஒரு கிலோ தராசில் பத்து கிலோ தொங்கவிட்டால் வில் தொய்யும், பத்து கிலோ தராசில் நூறு கிராம் தொங்கவிட்டால் முள் அசையாது.

கடைசியில் நாலு பக்கமும் கம்பெனி அளவுக்குப் புதுப் பட்டைக் கட்டு, புது யூ போல்ட், இடிதாங்கி ரப்பர். ஷாக் அப்சார்பர் மட்டும் ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் முழுக்க அமுங்கும்போதும் அளந்து வாங்கினோம். குட்டையாக இருந்தால் அதுவே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், நீளமாக இருந்தால் உள்ளே இடித்துக் கெடும்.

புஷ் விஷயத்தில் மட்டும் அவன் எனக்குப் பாடம் எடுத்தான். கடையில் பி.யூ. புஷ்தான் உசத்தி என்றார்களாம். "டீச்சர், பி.யூ. என் பொழப்பு. ஈரத்துல கெடந்த சோல் பிஸ்கட் மாதிரி உதிர்றத பாத்தவன் நான். எல்லா பி.யூ.வும் அப்படி இல்ல, ஆனா இது எந்த பி.யூ.னு கடைக்காரருக்கே தெரியல. அதுவுமில்லாம ரொம்ப கெட்டி, பட்டைய முறுங்க விடாது." கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ரப்பரையே எடுத்தான்.

பட்டை மாறியதும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயரம் திரும்பி வந்தது. டயர் பழைய அளவுதான், பட்டன் மட்டும் ஆழமானது. நசுங்கின சைலன்சர் பைப்பை இரண்டு அங்குலம் மேலே தூக்கிக் கட்டினான்.

போன புதன்கிழமை நல்ல மழை. தங்கையை அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு இறக்கி, சாயங்காலம் திரும்ப மேலே ஏற்றிவிட்டான். எங்கேயாவது தட்டியதா என்று போனில் கேட்டேன். ஓடைக் குறுக்கே ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றான், அதுவும் டிஃபரென்ஷியல். அந்தக் கல்லை அடுத்த ஞாயிறு கடப்பாரையோடு போய்ப் பெயர்க்கப் போகிறானாம்.