ஒரே நாளில் இரண்டு போர்க்களங்கள்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலே கனடாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் சிறிய மலைநாடு வெர்மொண்ட். ஒக்டோபர் மாதத்தில் அங்குள்ள மேப்பிள் மரங்கள் இலையுதிர்க்குமுன் தீப்பற்றியன போலச் சிவந்து நிற்கும். அக்காட்சியைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். நாமும் அதற்காகவே சென்றோம். ஆனால் மரங்களைக் காணச் சென்ற நமது கண்களில் மீண்டும் மீண்டும் பட்டவை கற்சிலைகளே. ஊர் நடுவே ஒரு பசும்புல்வெளி. அதன் ஓரத்தில் வெண்ணிறக் கோபுரத்துடன் ஒரு தேவாலயம். எதிரே துப்பாக்கியை நிலத்தில் ஊன்றியபடி ஒரு கற்சிப்பாய். அவன் காலடியில் வரிவரியாகப் பெயர்கள். இத்தகைய ஊர்கள் பலவற்றைக் கடந்த பின்னர், இம்மாநிலத்தின் கதை மரங்களில் அன்று, இக்கற்களில்தான் எழுதப்பட்டுள்ளது என்பதை உணர்ந்தோம்.

1861ஆம் ஆண்டு தொடக்கம் 1865ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் வடபகுதியும் தென்பகுதியும் ஒன்றோடொன்று பொருதின. அடிமை முறையே அப்போரின் வேர். வெர்மொண்ட் தன் முதல் அரசியலமைப்பிலேயே, அதாவது 1777இலேயே, வயதுவந்தோரை அடிமைகளாக வைத்திருப்பதைத் தடுத்த நாடு. ஆதலால் லிங்கன் படைக்கு ஆள் கேட்டபோது அது தயங்கவில்லை. 1860இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,15,000 பேர். அவர்களுள் சுமார் 34,000 பேர் போருக்குச் சென்றனர். 5,000க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை.

தெற்கே பிராட்டில்பரோ நகரிலிருந்து நமது மோட்டார்ப் பயணம் தொடங்கியது. பட்டாளங்கள் பல இங்குதான் கூடிப் புறப்பட்டன. போர் நடுப்பகுதியை அடைந்தபோது, புறப்பட்ட இடத்துக்கே காயம்பட்டோர் வந்து சேர்ந்தனர். “நமது மைந்தர் தொலைவிலுள்ள மருத்துவமனைகளில் வாடுவதைவிடச் சொந்த மலைக்காற்றில் விரைவிற் குணமடைவர்” என்னும் கருத்தை ஆளுநர் பிரெடெரிக் ஹோல்புறூக் வாஷிங்டனில் எடுத்துரைத்து இசைவு பெற்றார். அவ்வாறே 1863இல் இங்கு இராணுவ மருத்துவமனை எழுந்தது. பெற்ற தாய் ஒரு நாட் பயணத்தில் வந்து மகனின் தலைமாட்டில் அமர முடிந்தது என்பது சிறிய காரியமன்று.

அங்கிருந்து கனெக்டிகட் ஆற்றோரமாக வடக்கே சென்றால் வின்ட்சர் என்னும் ஊர். 1846இல் எழுந்த செங்கற் கட்டடமொன்று ஓடைக்கரையிலே இன்றும் நிற்கிறது. இப்போது அது இயந்திரக் கருவிகளின் நூதனசாலை. ஒரு துப்பாக்கியின் உறுப்பை மற்றொரு துப்பாக்கியிற் பொருத்தத்தக்க வகையில் அளவு பிசகாது செய்யும் வித்தை வளர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று. போர்க்காலத்தில் வடபகுதிப் படைகளுக்காகத் துப்பாக்கிகளும், துப்பாக்கி செய்யும் இயந்திரங்களும் இங்கு உருவாகின. பருத்தி கிடைக்காமற்போனமையால் ஆட்டு உரோமத்தின் விலையும் ஏறிற்று. மந்தைகளை வைத்திருந்த குடியானவர் கைகளிற் பணம் புரண்டது. போர் ஒரு வீட்டின் முன்வாசலால் மகனைக் கொண்டுபோய்ப் பின்வாசலால் காசைக் கொண்டுவந்து கொடுத்தது எனலாம்.

சிப்பாய்க்கு மத்திய அரசு கொடுத்த மாதச் சம்பளம் 13 டொலர். வெர்மொண்ட் தன் கருவூலத்திலிருந்து மேலும் 7 டொலர் சேர்த்துக் கொடுத்தது. ஆயினும் பணத்தால் ஏர்பிடிக்க முடியுமா? உழவும் அறுவடையும் பால்கறப்பும் பெண்கள், முதியோர், சிறுவர் தலைமேல் விழுந்தன. களத்திலிருந்து சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் பல பேணப்பட்டுள்ளன. அவற்றிலே குண்டுமாரியைப் பற்றிய செய்திக்கு அடுத்த வரியில், வைக்கோல் ஏற்றியாயிற்றா, இவ்வருடம் மேப்பிள் சர்க்கரை எவ்வளவு காய்ச்சினீர்கள் என்னும் வினாக்கள் வருவதுண்டு. உடல் தெற்கே இருந்தது. உள்ளம் மாட்டுக்கொட்டிலில் இருந்தது.

மலைப்பாதையில் மேற்கே திரும்பி குரோட்டன் என்னும் சிற்றூரை அடைந்தோம். இவ்வூர்க் குடியானவர் மகன் வில்லியம் ஸ்கொட், வெர்மொண்ட் மூன்றாம் பட்டாளத்துச் சிப்பாய். 1861இல் வாஷிங்டனுக்கு அருகே இரவுக் காவலின்போது உறங்கிவிட்டான். மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி லிங்கனின் விருப்பத்துக்கிணங்கக் கடைசி வேளையில் மன்னிக்கப்பட்டான். ஏழு மாதங்கள் கழிந்தன. 1862 ஏப்ரல் 16ஆந் திகதி, வேர்ஜீனியாவிலே லீஸ் மில்ஸ் என்னுமிடத்தில் ஓர் ஓடையைக் கடந்து தாக்கிய வேளையில் அவன் படுகாயமுற்று உயிர்நீத்தான். அதே நாளில், அதே பட்டாளத்தில் ஜூலியன் ஸ்கொட் என்னும் வேறொரு சிறுவன் இருந்தான். குழலூதுபவனாகப் பதினைந்தாம் வயதிற் படையிற் சேர்ந்தவன். குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்கையில், காயம்பட்ட தோழரை ஓடையின் அக்கரையிலிருந்து இழுத்து வந்தான். அவனுக்குப் பின்னர் நாட்டின் அதியுயர் வீரப்பதக்கம் கிடைத்தது.

அந்தச் சிறுவனை மீண்டும் மொண்ட்பீலியர் நகரில் சந்தித்தோம். போருக்குப் பின் அவன் ஓவியனாகிவிட்டான். மாநில அரசாங்க மாளிகையின் ஓர் அறையில், பத்து அடி உயரமும் இருபது அடி நீளமுமாக அவனது ஓவியம் சுவரை நிறைத்து நிற்கிறது. 1874இல் முடிவுற்ற இது, 1864 ஒக்டோபர் 19ஆந் திகதி வேர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த சீடார் கிரீக் போரைக் காட்டுகிறது. அன்று விடியற்காலை மூடுபனியின் மறைவில் தென்பகுதிப் படை பாய்ந்தது. வடபகுதிக் கூடாரங்கள் சிதறின. எதிரியைச் சிறிது நேரம் தாமதப்படுத்துவதற்காக முன்னே அனுப்பப்பட்டவற்றுள் ஒன்று வெர்மொண்ட் எட்டாம் பட்டாளம். அதிற் பெரும்பாலானோர் வீழ்ந்தனர் அல்லது சிறைப்பட்டனர். தளபதி ஷெரிடன் வின்செஸ்டரிலிருந்து குதிரையில் விரைந்து வந்தார். பிற்பகலில் எதிர்த்தாக்குதல் தொடங்கிற்று. மாலைக்குள் தோல்வி வெற்றியாக மாறியது. ஓவியத்தில் வெற்றி முழக்கம் பெரிதில்லை. களைத்த முகங்களே நம் மனத்தில் நின்றன.

அந்தத் திகதியை மனத்தில் வைத்துக்கொண்டே மறுநாள் செயின்ற் ஆல்பன்ஸ் நகரை அடைந்தோம். கனடா எல்லை இங்கிருந்து சுமார் பதினைந்து மைல். வெண்ணெய்ச் சந்தைக்குப் பேர்போன ஊர். போர்க்களமோ பல நூறு மைலுக்கு அப்பால். போர் இங்கு எட்டிப்பார்க்கும் என்று எவர்தான் நினைத்திருப்பர்?

1864 ஒக்டோபரில் இளைஞர் சிலர் இருவரும் மூவருமாக வந்து ஊர் விடுதிகளிற் தங்கினர். தோற்றத்திற் சாதாரண பிரயாணிகள். செவ்வாய்க்கிழமை சந்தைக் கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தனர். மறுநாள், 19ஆந் திகதி புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில் கைத்துப்பாக்கிகளுடன் எழுந்தனர். தாம் தென்பகுதிச் சிப்பாய்கள் என அறிவித்தனர். ஏறக்குறைய இருபது பேர். தலைவன் பெனெற் யங்குக்கு வயது 21. மூன்று வங்கிகளைச் சூறையாடி 2,00,000 டொலருக்கு மேல் அள்ளினர். ஊராரைத் துப்பாக்கி முனையில் நடுப்புல்வெளியில் நிறுத்தினர். தீக்குப்பிகளை வீசிக் கட்டடங்களை எரிக்க முயன்றனர். ஒரு விறகுக் கொட்டில் மட்டுமே எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். ஊர்ப் பிரமுகர் பலரோ அன்று மொண்ட்பீலியரிலும் பேர்லிங்டனிலும் அலுவலாயிருந்தனர்.

வெர்மொண்ட் குதிரைப்படையிற் கப்டனாயிருந்து வீடு திரும்பியிருந்த ஜோர்ஜ் கொங்கர், கையில் அகப்பட்டோரைச் சேர்த்துக்கொண்டு எல்லை தாண்டியும் துரத்தினார். கனடாவிற் பலர் பிடிபட்டனர். எனினும் அங்குள்ள நீதிமன்றங்கள் அவர்களை ஒப்படைக்க மறுத்தன. கொள்ளைபோன பணத்தில் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது.

பள்ளத்தாக்கிலே ஷெரிடனின் எதிர்த்தாக்குதலும், செயின்ற் ஆல்பன்ஸின் தெருவிலே இச்சூறையும் ஏறக்குறைய ஒரே பொழுதில் நடந்தன. ஒரு தாயின் மகன் அங்கே குண்டை எதிர்கொண்ட அதே வேளையில், அத்தாய் இங்கே தன் வீட்டு வாசலிலே துப்பாக்கியைக் கண்டாள். இருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரியாது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் வெர்மொண்டுக்காக மட்டும் இரங்கித் திரும்பியிருப்போம். ஆனால் தாம் செய்தது பழிக்குப் பழி என்று யங் நீதிமன்றத்திற் கூறினான். அப்பேச்சுக்குப் பின்னணி உண்டு. சில வாரங்களுக்குமுன், எதிரிப் படைக்கு உணவு கிடையாதிருக்கும்பொருட்டு, ஷெரிடனின் படை ஷெனண்டோவா பள்ளத்தாக்கை எரித்திருந்தது. கோதுமையும் வைக்கோலும் நிறைந்த 2,000க்கு மேற்பட்ட களஞ்சியங்களையும், 70க்கு மேற்பட்ட மாவாலைகளையும் அழித்ததாக ஷெரிடனே தம் அறிக்கையில் எழுதினார். அப்படையில் வெர்மொண்ட் மைந்தரும் இருந்தனர். அவர்கள் கண்முன் எரிந்தவை, அவர்கள் கடிதங்களில் விசாரித்த அதே வகைக் கொட்டில்கள். அங்கும் வாசலில் நின்று பார்த்தவர்கள் பெண்களும் முதியோருமே.

இதை எண்ணியவாறு மாலையில் அந்த நடுப்புல்வெளியில் அமர்ந்திருந்தோம். ஊரார் துப்பாக்கி முனையில் நின்ற இடத்திலே சிறுவர்கள் உதிர்ந்த இலைகளைக் குவித்து அதன்மேற் குதித்துக்கொண்டிருந்தனர். ஒரு கிழவி பேரனின் சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டாள். உள்நாட்டுப் போரின் சுவையறிந்த நாட்டிலிருந்து சென்ற நமக்கு, கற்சிப்பாயின் காலடியிலுள்ள பெயர்கள் போதாதனவாகவே தோன்றின. வாசலில் நின்றவர்களின் பெயர்களை, அவ்வூரிலும் சரி அப்பள்ளத்தாக்கிலும் சரி, எந்தக் கல்லில் எழுதுவது?

இருள் கவிந்தது. சிறுவரை வீட்டுக்கு அழைக்கும் குரல்கள் கேட்டன. நாமும் எழுந்தோம்.