அழகுக்கு வாங்கிய கோழிகளும் அறுபது முட்டைக் கடனும்



சென்ற ஜும்ஆ தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கலாம் என்றிருக்கிறோம். பார்ப்பதற்கு அழகாகவும் இருக்க வேண்டும், முட்டையும் இட வேண்டும். எந்த இனம் வாங்கலாம்?" என்று கேட்டார். மதரஸா ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று அருகிலிருந்தவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கோழி வாங்கி, அதற்குரிய விலையைக் கொடுத்தவன் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் கோழி வளர்க்க ஆசைப்பட்டாள். "அத்தா, கறுப்பாக மின்னுமே, அந்தக் கோழி வேண்டும்" என்றாள். கால்நடைகள் மாலையில் திரும்பி வரும்போதும் காலையில் மேயச் செல்லும்போதும் அவற்றில் உங்களுக்கு அழகு இருக்கிறது என்ற கருத்தை நஹ்ல் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் சொல்கிறது. வளர்க்கும் உயிரின் அழகை ரசிப்பது குற்றமன்று. அதுவும் ஒரு நிஃமத்தே. ஆகவே மகிழ்ச்சியோடு சந்தைக்குப் போனேன். கடக்நாத் பெட்டைகள் நான்கு, அசீல் பெட்டைகள் இரண்டு, அசீல் சேவல் ஒன்று என ஏழு கோழிகளோடு தாமலுக்குத் திரும்பினேன்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய இனம். 2018 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இறகு, தோல், கொண்டை, இறைச்சி எல்லாமே கருமை; வெயிலில் அந்தக் கருமையில் பச்சை ஒளி ஓடும். அசீலோ நிமிர்ந்த கழுத்தும் உறுதியான கால்களும் கொண்டது. அந்தப் பெயரே நம் மதரஸாவில் புழங்கும் அரபுச் சொல். 'அஸ்ல்' என்றால் வேர், மூலம். 'அஸீல்' என்றால் நல்ல வேருடைய, உயர்குடிப் பிறப்பான என்று பொருள். பெயரைச் சொல்லிச் சொல்லியே நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும், வேலிக்குள் அடங்கி இருக்குமா என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் பட்டு நெசவுக் குடும்பங்கள் சில உண்டு. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்தாக வேண்டும். ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வந்து கூண்டைத் திறந்துவிட்டேன். கடக்நாத் மிரளும் இயல்புடையது, உடல் எடை குறைந்தது. ஐந்தடி வேலி அதற்கு ஒரு தடையே இல்லை. நாய் ஒன்று குரைத்ததும் நான்கும் வேலியைத் தாண்டிப் பறந்து, அண்டை வீட்டு அண்ணனின் பாவின்மேல் விழுந்தன. நகத்தில் இழைகள் சிக்கின. விடுவிக்க ஓடியபோது அவை மேலும் மிரண்டு சிறகடித்தன. பட்டின்மேல் எச்சமும் விழுந்தது.

அந்த அண்ணனும் அவர் மனைவியும் நண்பகல்வரை குனிந்த தலை நிமிராமல் இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். நான் பணம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. "விடுங்க பாய், கோழிக்கு என்ன தெரியும்" என்றார். கடிந்து பேசியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கோழிக்குத் தெரியாது என்பது உண்மை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குத் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோரின் தீர்ப்பைப் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் மற்றவர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்ட அந்த வழக்கை அன்பியா அத்தியாயத்தின் 78, 79 ஆம் வசனங்கள் குறிப்பிடுகின்றன. முஃபஸ்ஸிர்கள் அதை விளக்குகையில், ஆடுகளை நிலக்காரருக்கே கொடுத்துவிடும்படி தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள் என்றும், ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலக்காரர் அனுபவிக்கட்டும் என்று ஸுலைமான் (அலை) சொன்னார்கள் என்றும் எழுதுகிறார்கள். இருவருக்கும் நஷ்டமில்லாத தீர்ப்பு. அதைப் பலகையில் எழுதிக் காட்டிய கைதான் கூண்டையும் திறந்துவிட்டது.

என் மனம் சட்டத்தில் ஒதுங்க இடம் தேடியதையும் மறைக்க மாட்டேன். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையால் ஏற்படும் சேதம் கால்நடைக்காரர் பொறுப்பு என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. 'நடந்தது காலையில்தானே' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தோட்டத்துக்கு வேலி போடலாம். தெருவில் விரித்த பாவுக்கு யார் வேலி போடுவது? தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறாதவரின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள் என்பதை நினைத்ததும் அந்தக் குரல் அடங்கியது.

ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பையே எனக்கு விதித்துக்கொண்டேன். இரண்டு பேரின் அரை நாள் உழைப்புக்கு நாட்டு முட்டை விலையில் கணக்கிட்டபோது 60 முட்டைகள் வந்தன. "அண்ணே, பணம் வேண்டாமென்றால் இந்தக் கோழிகள் இடும் முட்டை உங்கள் பிள்ளைகளுக்கு" என்றேன். அதற்கு மட்டும் தலையசைத்தார்.

அப்போதுதான் கோழி இனங்களைப் பற்றிய என் அறியாமை முழுதாக வெளிப்பட்டது. ஒரு மாதத்தில் ஆறு பெட்டைகளும் சேர்ந்து கொடுத்தவை 14 முட்டைகள். அசீல் ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கடக்நாத் கோழிகள் வேலிப் புதரில் இட்டவற்றைக் கீரி தின்றது. "கடையில் பழுப்பு முட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றாள் மனைவி. சொல்லி முடிக்கும் முன்னரே அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழுப்பு ஓடு இருந்தால் நாட்டு முட்டை என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பண்ணைக் கூண்டில் வளரும் கோழியும் பழுப்பு முட்டை இடும். 'எங்கள் கோழி இட்டது' என்று சொல்லிக் கொடுப்பதாயின் அது எங்கள் கோழி இட்டதாகவே இருக்க வேண்டும்.

ஆகவே கால்நடை மருத்துவர்களையும் கோழி வளர்க்கும் பெண்களையும் கேட்டுக் கற்றேன். அந்தச் சகோதரருக்கும் உங்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முட்டை முதன்மை என்றால் கிராமப்பிரியா நல்லது. ஹைதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200 முட்டைவரை எதிர்பார்க்கலாம். அதே நிறுவனத்தின் வனராஜா பல வண்ண இறகுகளோடு கண்ணுக்கு நிறைவாக இருக்கும். முட்டை, இறைச்சி இரண்டுக்கும் ஏற்றது. கொல்லையில் ஆண்டுக்கு நூறு முட்டையளவு இடும். உடல் கனமானது, எளிதில் வேலி தாண்டாது. நம் மாநிலக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு ரெட் இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. செம்பழுப்பு நிறமும் அமைதியான குணமும் உடையது.

இவற்றுக்கு ஒரு குறை உண்டு: பெரும்பாலும் அடைகாக்கா. மேலும் கிராமப்பிரியாவும் வனராஜாவும் கலப்பில் உருவானவை என்பதால் அவற்றின் குஞ்சுகளில் அதே குணம் நிலைக்காது. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் நம் ஊர்ச் சிறுவிடைப் பெட்டை ஒன்றிரண்டு அவசியம். அது இடுவது குறைவு. தாய்மையில் அதற்கு இணை அரிது. 21 நாட்கள் முட்டையை விட்டு அதிகம் நகராது. அசீல் பெட்டையும் அத்தகைய தாய்தான். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை.

கடக்நாத் கோழிகளை, வேலியும் மரங்களும் உள்ள தோட்டக்காரர் ஒருவருக்கு அவற்றின் குறையைச் சொல்லியே விற்றேன். அசீல் சேவலுக்கு நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை பேசி ஒருவர் வந்தார். சண்டைக்கு என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. விலங்குகளை மோதவிடுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது, கொடுக்கவில்லை. அது இன்றும் எங்களிடமே இருக்கிறது, மனிதரிடம் சாதுவாக. இரண்டாவது சேவல் வைத்தால்தான் கலகம்.

இப்போது கிராமப்பிரியா ஐந்து, நந்தனம் மூன்று, புள்ளி இறகுள்ள சிறுவிடை இரண்டு, பழைய அசீல் பெட்டைகள் இரண்டு, அந்தச் சேவல் என்று பதின்மூன்று. கோழிகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடும். ஆதலால் அதுவரை காற்றோட்டமான அடைப்புக்குள், வைக்கோல் பெட்டியோடு வைத்திருக்கிறோம். அஸருக்குப் பின் திறந்துவிடுகிறோம். மஃரிப் பாங்கு நெருங்கும்போது அவையே கூடு திரும்பிவிடுகின்றன. முட்டை புதரில் தொலைவதில்லை. தெருவில் பாவு வேலையும் முடிந்திருக்கும். ஓடு உறுதிப்படக் கிளிஞ்சல் தூள் தனியாக வைக்கிறோம். சாக்கடைப் பக்கம் போகாமல் மறித்திருக்கிறோம்; அசுத்தம் தின்னும் பிராணியைப் பற்றிய சட்டம் நாம் அறிந்ததே. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி தவறக் கூடாது. அந்நோய்க்கு இமயமலைப் பக்கத்து ராணிகேத் ஊரின் பெயர். அதற்கான தடுப்பு மருந்து நம் பக்கத்து ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. பிப்ரவரியில் கால்நடைத் துறையின் முகாமில் கேளுங்கள்.

60 முட்டைக் கடன் நான்காம் மாதம் தீர்ந்தது. கடைசி ஆறு முட்டைகளை மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கணக்கு முடிஞ்சுதா பாய்?" என்று அண்ணன் தெருவிலிருந்தே சிரித்தார். கணக்கு வைத்திருந்தது நான் மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

சகோதரருக்கு என் விடை இதுதான்: அழகைப் பாருங்கள், முட்டையைப் பாருங்கள். அதற்கு முன் வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார், காலையில் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் பாருங்கள். நாம் தேர்ந்தெடுக்கும் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது செய்வதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

நமக்கு அளித்த நிஃமத்துகளில் பரக்கத் செய்து, அவற்றால் அண்டை வீட்டார் எவரும் துன்புறாமல் வாழும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.