கருகிய காயில் சொல்லும் காரணம்

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அதற்காக எடுத்துக்கொண்டார்கள். பொருளை வாங்கியவருக்கு அதை ரிப்பேர் செய்துகொள்ளும் வழியும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இத்தனை காலமும் நம் கிணற்று மோட்டாரையும் கிரைண்டரையும் ஃபேனையும் ரிப்பேர் செய்து ஓடவைத்தவர்களிடம் யாராவது போய்க் கேட்டார்களா?

அன்னூர் பக்கம் விவசாயம் பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். “எங்க ஊருக்கு வாங்க, காயில் கட்டுற கடை ஒண்ணு காட்டுறேன்” என்றார்.

முன்பக்கம் தகரக் கொட்டகை, பின்பக்கம் வீடு. அதுதான் கடை. வாசலில் மூடி கழற்றிய கிரைண்டர் மோட்டார், இறக்கை இல்லாத சீலிங் ஃபேன்கள், போர்வெல்லிலிருந்து உருவிய நீளமான சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று. ஓரமாக ஒரு சாக்குப்பையில் யெஸ்டி பைக்கின் டைனமோ. மைசூரில் யெஸ்டி செய்துவந்த ஐடியல் ஜாவா கம்பெனியில் 1996இலேயே உற்பத்தி நின்றுவிட்டது. பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் டைனமோ எரிந்துபோனால் மெக்கானிக் மூலம் இங்கேதான் அனுப்புகிறார்கள். உள்ளே கம்பி சுற்றிய எந்த இயந்திரமும் கடைசியில் இப்படி ஒரு கடைக்கு வந்தாக வேண்டும்.

கோவை வட்டாரத்தில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் இறங்கிவந்த பிறகு இங்கே பஞ்சாலைகள் பெருகின. பின்னாலேயே மோட்டார், பம்ப் பட்டறைகள் வந்தன. 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டர் செய்தார். இன்றைக்கு கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கான கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது. செய்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. செய்ததை ஓடவைத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நண்பர், “இவர்தான் மேஸ்திரி” என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார். அறுபதை நெருங்கும் வயது. மோட்டாரைத் தூக்கி வைப்பது, புல்லர் போட்டு பேரிங் கழற்றுவது, எரிந்த காயிலை வெட்டி எடுப்பது எல்லாம் அவர் வேலை. மூடியைக் கழற்றும் முன் மூடியிலும் பாடியிலும் நேருக்கு நேர் பஞ்ச் வைத்துக் குறி போட்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. எரிந்த காயிலை எடுக்கச் சிலர் மோட்டாரையே தீயில் போடுவதுண்டு என்றார். “சீக்கிரம் வந்துருமுங்க. ஆனா ஸ்டாம்பிங் கெட்டுப்போகும்.” ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகளைத்தான் ஸ்டாம்பிங் என்கிறார்கள். தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு எரிந்துவிட்டால், காயிலை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்த மோட்டார் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இவர் ஒருபக்கம் உளியால் வெட்டி, மறுபக்கம் பிடித்து இழுக்கிறார். கைக்கும் தோளுக்கும் கடுமையான வேலை அது.

காயிலைக் கட்டுவது அவர் மனைவி. கொட்டகையின் வெளிச்சம் நிறைந்த மூலையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போயிருந்த நேரத்தில் ஒரு விவசாயி எரிந்துபோன 3 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரோடு வந்து நின்றார். “நான் ஒண்ணுமே பண்ணலீங்க அக்கா. ஓடிட்டிருந்தது, நாத்தம் அடிச்சுது, நின்னுபோச்சு” என்றார்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. காயில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டரைத் தன் பக்கம் உருட்டி, உள்ளே விரலால் காட்டி என்னை அழைத்தார். “இங்க பாருங்க தம்பி. ரெண்டு கட்டு கறுப்பு, ஒரு கட்டு நல்லா செவப்பா இருக்குது. மறுபடி ரெண்டு கறுப்பு, ஒண்ணு செவப்பு. ஒரு ஃபேஸ் வராம மோட்டார் ஓடியிருக்குது.” பிறகு விவசாயியிடம் திரும்பி, “போய் பீஸ் கட்டைய கழட்டிப் பாத்துட்டு போன் பண்ணுங்க” என்றார்.

சற்று நேரத்தில் போன் வந்தது. மூன்று பீஸ் கட்டையில் ஒன்றில் கம்பி அறுந்து கிடக்கிறதாம்.

எரிந்த காயிலை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று அக்கா விளக்கினார். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால் மற்ற இரண்டு ஃபேஸ் காயிலும் கருகும். டெல்டாவில் ஒரு ஃபேஸ் காயில் மட்டும் கருகும். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைந்து ஓடியிருக்கும், இல்லையென்றால் பேரிங் இறுகி மோட்டார் சிரமப்பட்டிருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று எரிந்திருந்தால் அங்கே கம்பியின் பூச்சு உரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. காரணம் தெரியாமல் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால், அதே மோட்டார் அடுத்த மாதமே திரும்பிவரும். பழியும் காயில் கட்டியவர் தலையில் விழும். அன்று அந்த விவசாயிக்கு அக்கா செய்த மிகப்பெரிய உதவி, பீஸ் கட்டையைப் பார்க்கச் சொன்னதுதான். அதற்குப் பில்லில் இடமில்லை.

அக்காவின் ஊர் அவிநாசிப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் சேர்ந்தார். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஸ்டேட்டருக்குக் காயில் போட்டுத் தள்ளும் இடம் அது. பீஸ் ரேட் கூலி. இந்த வட்டாரத்துப் பம்ப் கம்பெனிகளில் பெண்கள் கை படாமல் வெளியே போன மோட்டார் குறைவு. அசெம்பிளியில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு மின்வெட்டுக் காலம். 2012இல் கோவை எப்படித் தவித்தது என்று அங்கே பட்டறை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மின்சாரம் இல்லாமல் சிறு கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷிப்டைக் குறைத்தன. அக்காவின் கம்பெனி ஆட்களை நிறுத்தியது. அதே நேரத்தில் கிராமத்தில் வேறொன்று நடந்தது. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் இரண்டு ஃபேஸில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டினார்கள். பயிர் காயும்போது யாரும் மோட்டாரின் ஆயுளைப் பார்க்க மாட்டார்கள். மோட்டார்கள் எரிந்தன. கணவனும் மனைவியும் நகையை அடகு வைத்து, ஒரு வைண்டிங் மெஷினும் கம்பி ரோல்களும் வாங்கிச் சொந்த ஊர்ப் பக்கம் கடை போட்டார்கள். “எங்க வேலைய பறிச்ச கரண்ட்டே எங்களுக்கு வேலையும் குடுத்துச்சு தம்பி” என்றார் அக்கா. அவர் குரலில் கசப்பு இல்லை.

அவர் கையருகே எப்போதும் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு மற்றக் கருவிகள் எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துக்கு ஒரு மோட்டார். கம்பெனி பெயர், எத்தனை எச்.பி., காயில் இறங்கும் பள்ளமான ஸ்லாட் எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி. மாவு மில் மோட்டார் ஒன்றுக்கான பக்கத்தில் ‘36 ஸ்லாட், 1–12, 2–11, 3–10’ என்று எழுதியிருந்தது. முதல் ஸ்லாட்டில் இறங்கும் காயிலின் மறுகால் பன்னிரண்டாவதில் ஏற வேண்டும், இரண்டாவதுக்குப் பதினொன்று, மூன்றாவதுக்குப் பத்து என்று பொருள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 22 கேஜ் என்றால் 0.711 மி.மீ., 36 கேஜ் என்றால் 0.193 மி.மீ. சுற்று குறைந்தால் கரண்ட் அதிகம் இழுத்து மோட்டார் சூடாகும். கூடினால் இழுவை போய்விடும்.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் எச்.பி. இருக்கிறது, வோல்ட் இருக்கிறது, ஆம்ப்ஸ் இருக்கிறது. சுற்றும் கேஜும் இருக்காது. அதை அறிய ஒரே வழி, கருகிய காயிலை அறுத்துக் கம்பி நுனிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. அதற்கு முன் யாரோ ஒருவர் தப்பாகக் கட்டியிருந்தால்? “அப்ப அந்தத் தப்பத்தான் திருப்பிக் கட்டணும். நோட்டுல இருந்தா தப்பு தெரிஞ்சுரும்” என்றார். கம்பெனியில் வேலை செய்த காலத்திலிருந்து சேர்த்த விவரம் அது. கம்பெனிகள் அச்சிட மறுப்பதை எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் ஒவ்வொரு வரியாக எழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

ஸ்லாட்டுக்குள் காயில் இறங்குவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெஷினில் சுற்றி எடுத்த காயிலைக் கையில் தட்டையாகப் பரப்பி, பேப்பர் வைத்த ஸ்லாட்டின் வாயில் பிடிக்கிறார். வாய் குறுகல். மொத்தமாக அழுத்தினால் இரும்பின் ஓரம் பட்டு எனாமல் உரியும். அதனால் நாலைந்து இழையாகப் பிரித்து, கட்டைவிரலால் நீவி நீவி உள்ளே வழியவிடுகிறார். ஓர் இழைகூட மற்றொன்றின்மேல் குறுக்கே ஏறக் கூடாது. நிறைந்ததும் பேப்பரை மடித்து, சீவிய மூங்கில் குச்சியை மேலே செருகுகிறார். விரல்களில் நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. “நகம் கீறினாப் போதும், ஆறு மாசத்துல அங்கதான் எரியும்.” கடைசியில் சீரீஸ் லேம்ப்பின் ஒரு முனையை இரும்பிலும் மறுமுனையைக் காயிலிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. எரியாமல் இருந்தால்தான் காயில் பாடியைத் தொடவில்லை என்று அர்த்தம். அதன் பிறகே வார்னிஷ்.

இந்த உழைப்புக்குக் கூலி எவ்வளவு என்று விசாரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கடைக்கு வரும் விவசாயிகள் குறைந்துவிட்டார்கள். டவுனில் இருக்கும் ஷோரூமில் மோட்டாரை இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஷோரூம்காரர் அதை இங்கே அனுப்பிக் காயில் கட்டி வாங்கி, விவசாயியிடம் வாங்கும் தொகையில் பாதிக்கும் குறைவாக இவர்களுக்குத் தருகிறார். அதையும் சீசன் முடிந்து தருகிறார். எரிந்த காயிலில் உள்ள தாமிரம் கிலோ கணக்கில் விலைபோகும் பொருள். அது விவசாயியின் சொத்து. ஷோரூம் வழியாக வந்தால் அந்தத் தாமிரம் யார் கைக்குப் போகிறது என்று விவசாயிக்குத் தெரிவதே இல்லை. இந்தக் கடையில் பழைய கம்பியை அவர் கண்முன்னே எடைபோட்டு, பில்லில் கழிக்கிறார்கள். எரிந்த மோட்டாரைத் தன் கையால் தூக்காத, ஒரு சுற்றுக் கம்பியைத் தொடாத ஒருவருக்கு இதில் பெரும்பங்கு போவது அநியாயம். வியாபாரம் என்று சொல்லி இதை மறைக்க முடியாது. விவசாயியின் அவசரத்தையும் காயில் கட்டுபவரின் இல்லாமையையும் ஒரே நேரத்தில் காசாக்கும் வேலை இது.

கம்பெனிகளின் பங்கும் குறைவில்லை. மலிவு மிக்ஸிகளிலும் ஃபேன்களிலும் தாமிரத்துக்குப் பதிலாக அலுமினியக் கம்பி வருகிறது. அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. அதற்கேற்பத் தடிமனான கம்பி வேண்டும். இடம் கொடுக்காமல் மெல்லிய கம்பி போட்டால் சூடாகி எரியும். புது பி.எல்.டி.சி. ஃபேன்கள் பழைய ஃபேனின் பாதிக்கும் குறைவான கரண்டில் ஓடுகின்றன. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அதன் போர்டு போய்விட்டால் சர்க்யூட் விவரம் வெளியே யாருக்கும் கிடையாது. கம்பெனி சொல்லும் விலைக்கு மாற்ற வேண்டும், அல்லது ஃபேனைத் தூக்கிப் போட வேண்டும். ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்தும் பயனில்லை.

கடையில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் தொழில் பழகுகிறான். உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. அவனுக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. நோட்டில் உள்ள எண்களைப் படித்துக் காயில் சுற்றுகிறான். அக்கா அவனுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினம் ஒரு மோட்டாரை அதில் எழுதவைக்கிறார்.

பழுதுபார்க்கும் உரிமை உண்மையாக வேண்டுமென்றால் அரசு செய்ய வேண்டியது மிகச் சிறியது. விற்கும் ஒவ்வொரு மோட்டாரிலும், ஃபேனிலும், கிரைண்டரிலும் சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ், தாமிரமா அலுமினியமா என்ற விவரம் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். கம்பெனிக்கு இதில் பெரிய செலவு எதுவும் ஆகாது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கிரைண்டரோ ஃபேனோ மோட்டாரோ எரிந்தால் பழைய இரும்புக்குப் போடும் முன் உங்கள் ஊர்க் காயில் கட்டும் கடைக்கு நேரில் எடுத்துப் போங்கள். எதனால் எரிந்தது என்று கேளுங்கள். பழைய தாமிரத்தை எடைபோட்டுக் கழிக்கச் சொல்லுங்கள். கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.