அடுப்படியில் அம்மா கேட்ட மாரியோ!

என் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் பாட்டுகள் மட்டும்தான். ஆனால், அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பாடவில்லை. யாரும் வாத்தியம் வாசித்து ரெக்கார்டு செய்யவும் இல்லை. எல்லாம் பழைய வீடியோ கேம்களின் பின்னணி இசை. டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட்டின்போது, பிரேக்கிங் நியூஸ் எதுவும் வராத மூன்று மணிக்கு ஹெட்போனில் இதைத்தான் கேட்பேன். பக்கத்து சீட் நண்பர் ஒருமுறை வாங்கிக் கேட்டுவிட்டு, "என்னங்க இது, வாஷிங் மெஷின் துவைச்சு முடிச்ச மாதிரி கத்துது" என்றார்.

இந்த இசைக்கு 'சிப்டியூன்' என்று பெயர். 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கொண்டுவந்த 'ஃபேமிகாம்' பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருந்த சிப்புக்கு ஒரே சமயத்தில் ஐந்து குரல்கள்தான். இரண்டு குரல்கள் மெட்டுக்கு. ஒன்று பேஸுக்கு. இன்னொன்று 'உஷ், உஷ்' என்று இரையும். அதை வெட்டி வெட்டித்தான் டிரம்ஸ் தாளம். ஐந்தாவது, சின்னச் சின்ன ஒலித்துண்டுகளுக்கு. இதை வைத்துக்கொண்டுதான் கோஜி கோண்டோ 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமுக்கு இசையமைத்தார். அந்த கேசட்டில் இருந்த மொத்த கேமும், படம், இசை, விளையாட்டு எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். உங்கள் ஃபேமிலி குரூப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வரும் குட்மார்னிங் படம் அநேகமாக அதைவிடப் பெரிது!

அந்த மாரியோ இசையை 2023-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பட்டியலுக்குள் போனது அதுதான் முதல்முறை.

நான் சேர்த்து வைத்திருப்பவை எம்பி3 அல்ல. பெரும்பாலும் என்.எஸ்.எஃப் என்ற வகை. எம்பி3 என்பது கச்சேரியை அப்படியே பதிவு செய்து வைத்தது. என்.எஸ்.எஃப் என்பது ஸ்வரக் குறிப்பு மாதிரி. கேமுக்குள் இருந்த இசை புரோகிராமை மட்டும் உருவி எடுத்து வைத்திருப்பார்கள். அதைத் திறந்தால், உங்கள் கம்ப்யூட்டர் அந்தப் பழைய சிப் போல வேஷம் கட்டிக்கொண்டு, அந்த நிமிடமே புதிதாக வாசித்துக் காட்டும். தனி சாஃப்ட்வேர்கூட தேவையில்லை. படம் பார்க்க கம்ப்யூட்டரில் வைத்திருப்போமே, அந்த வி.எல்.சி பிளேயரே வாசிக்கும். அடுத்த தலைமுறைப் பெட்டியான சூப்பர் நின்டெண்டோவுக்கு எஸ்.பி.சி என்று வேறு வகை. அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.

இந்த இசையெல்லாம் அந்தந்த கம்பெனிகளின் சொத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்டெண்டோவே 2024-ல் தன் கேம் இசைக்கென்று ஓர் ஆப் வெளியிட்டது. ஆனாலும், யாரும் விற்காத, எந்த ஆப்பிலும் வராத ஆயிரக்கணக்கான கேம்களின் இசை இன்றைக்குக் கிடைக்கிறது என்றால், சம்பளம் வாங்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வைத்த ரசிகர்கள்தான் காரணம்.

ஒரு என்.எஸ்.எஃப் கோப்புக்குள் ஒரு கேமின் எல்லாப் பாட்டும் இருக்கும். பாட்டுக்குப் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். இசையமைத்தவர் பெயருக்கு 32 எழுத்துகளுக்கான இடம் விட்டிருப்பார்கள். தெரியாவிட்டால் அங்கே கேள்விக்குறி போடுவது வழக்கம். அந்தக் கேள்விக்குறிகளைப் பார்க்கும்போது எனக்கு ஏனோ கோபம் வரும். அந்தக் காலத்தில் பல ஜப்பான் கம்பெனிகளின் கேம்களில் இசையமைத்தவரின் சொந்தப் பெயரே வராது, பட்டப்பெயர்தான். 1986-ல் வந்த 'காசில்வேனியா'வுக்கு இசையமைத்தவர்களில் ஒருவர் கினுயோ யமாஷிடா என்ற பெண். கேமின் முடிவில் வந்த பெயரோ, 'ஜேம்ஸ் பனானா'! 1987-ல் வந்த 'மெகா மேன்' இசையும் ஒரு பெண்ணுடையதுதான், மனாமி மட்சுமே. பையன்கள் விளையாட்டு என்று நாம் ஒதுக்கி வைத்ததற்குப் பின்னால் இத்தனை பெண்கள் உட்கார்ந்து மெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அது பையன் விளையாட்டுதான். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன் ஒரு லீவில் அப்பாவை நச்சரித்து வாங்கிய 'டிவி கேம்'. அது ஃபேமிகாமின் நகல் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மஞ்சள் கேசட், அதை வாயால் ஊதி ஊதிச் சொருகுவது, தோசைக்கல் போலச் சுடும் அடாப்டர். எனக்கு இரண்டாவது ரிமோட். அண்ணன் அவுட் ஆனால்தான் என் டர்ன். அவன் லேசில் அவுட் ஆக மாட்டான்.

அண்ணன் இப்போது மஸ்கட்டில். ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. போனில் அம்மாவிடம் அதிகம் பேச மாட்டான். "சாப்டியாப்பா?", "சாப்டேம்மா"வோடு முடிந்துவிடும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் மாரியோ கோப்பைத் திறந்து ஒவ்வொரு நம்பராகத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "பாப்பா, இதுல மீனெல்லாம் வரும்போது ஒரு பாட்டு வருமே, தாலாட்டு மாதிரி. அது இருக்கா?"

எனக்கு ஆச்சர்யம். அம்மா ஒரு நாள்கூட ரிமோட்டைத் தொட்டதில்லை. டிவி பக்கம் வந்து உட்கார்ந்ததும் இல்லை. ஆனால், தண்ணீருக்கடியில் நடக்கும் 2-2 கட்டத்துக்கு கோண்டோ போட்டது, மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளம். தாலாட்டு என்று அம்மா சொன்னதில் தப்பே இல்லை. தேடிப்பிடித்துப் போட்டேன். கரண்டியோடு நின்று கேட்டார்.

"இதுதான். ஆனா இவ்ளோ அவசரமா ஓடாதே?"

'உங்களுக்கு மறந்திருக்கும்மா' என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், அம்மா சொன்னதுதான் சரி! ஜப்பான், அமெரிக்க டிவிகளில் நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். நம் ஊர் டிவிகளில் 50 முறை. கேமின் இசை அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த ஸ்வரத்துக்கு நகரும். நம் டிவிக்கு ஏற்றபடி செய்த நகல் பெட்டியில் சுருதி ஏறக்குறைய அதேதான், வேகம் மட்டும் குறையும். அங்கே 60 விநாடியில் முடியும் பாட்டு, எங்கள் வீட்டில் 72 விநாடி ஓடியிருக்கிறது. கோண்டோ நினைத்த மாரியோ வேறு, எங்கள் தெருவே கேட்டு வளர்ந்த மாரியோ வேறு. எது அசல் என்று யாராவது கேட்டால் நான் எங்கள் தெரு பக்கம்தான்.

வி.எல்.சி-யில் வேகத்தை 0.83-க்குக் குறைத்தேன். அம்மா அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று வந்தது.

"இப்ப சரியா இருக்கு. ஆனா நடுவுல டுப்பு டுப்புனு ஒரு சத்தம் வந்துட்டே இருக்குமே, அது காணோம்?"

அது மாரியோ நீந்தும் சத்தம். ரிமோட்டில் பட்டனை அழுத்தினால்தான் வரும். இருப்பது ஐந்தே குரல்கள் என்பதால், அந்தச் சத்தம் வரும்போது பாட்டின் ஒரு குரல் ஒதுங்கி இடம் கொடுக்கும். இந்தக் கோப்பில் பட்டனை அழுத்த ஆள் கிடையாது. அதனால் பாட்டு முழுசாக, இடையூறே இல்லாமல் கேட்கிறது.

"அது அண்ணன் அழுத்துறதும்மா" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு இன்னும் இரண்டு சுற்று ஓடியது. பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் எழுந்து போனார்.

அன்றைக்கு ராத்திரி, மெதுவாக்கிய பாட்டை எம்பி3-யாக மாற்றி அண்ணனுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. நீல டிக் வந்து ரொம்ப நேரத்துக்கு அப்புறம் பதில் வந்தது. '2-2. அந்த அடாப்டர் இன்னும் பரண்ல இருக்கா?'

இருக்கிறது. பெட்டிதான் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.